பெரியப்பாவை நான் கொன்ற கட்டுரை

என் பெரியப்பா செல்லத்துரையை நான் பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், காலேஜ் கேன்டீனில் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டே கொன்றேன். இடது கையால், போனில். மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு வார்த்தை ஆயிற்று. ஐந்நூறு வரை அனுமதி உண்டு. எட்டு வார்த்தை மிச்சம் பிடித்ததில் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனிதர். ஊர் உடன்குடிப் பக்கம். வந்து நாற்பது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயிலேறவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. நான் மெடிக்கல் சேர்ந்த நாளிலிருந்து, இட்லிக் குண்டான் விலை கேட்க வருகிறவர்களிடம்கூட, "தம்பி மவன் டாக்டருக்குப் படிக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து. அப்பேர்ப்பட்ட மனிதரை ஏன் கொன்றாய் என்று கேட்டால், காலேஜ் கேட்டது. சுற்றறிக்கை போட்டு, கடைசித் தேதி குறித்துக் கேட்டது.

அடையாறில் இருக்கிற அந்த மருத்துவக் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் சான்றிதழ் இன்னும் அவர்கள் பீரோவில் இருக்கிறது. நான் அங்கே ஹவுஸ் சர்ஜன். அதாவது ஐந்தாவது வருஷத்து அரை டாக்டர். மார்ச் முப்பத்தொன்றோடு அந்தப் பயிற்சி முடியும். முடித்த சான்றிதழ் கைக்கு வந்தால்தான் மேல்படிப்புக் கவுன்சிலிங்கில் போய் உட்கார முடியும். வராவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

இந்தச் சான்றிதழின் குறுக்கே வந்து நின்றதுதான் 'துறைத் தேர்வு வழிகாட்டல் மையம்'. மாணவர்கள் எந்தத் துறை தங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் தவிக்கிறார்கள், கைபிடித்து அழைத்துப் போக ஒரு மையம் வேண்டும் என்று யாரோ ஆய்வுக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் கார் திருவான்மியூர் தாண்டுவதற்குள் மூன்றாவது மாடியில் போர்டு மாட்டியாகிவிட்டது.

மைய இயக்குநர் டாக்டர் வெங்கடரமணன். உடற்கூறியலில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரிலிருந்து தினமும் பத்து மணிக்கு டாணென்று வந்துவிடுவார். தொடக்க விழாவில் அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"மாணவச் செல்வங்களே! ஒரு மருத்துவன் துறையைத் தேர்ந்தெடுப்பதில்லை. துறைதான் அவனைத் தேர்ந்தெடுக்கிறது. என்னை உடற்கூறியல் தேர்ந்தெடுத்தது. நான் கவுன்சிலிங் போன அன்று மற்ற எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அந்த ஒரே ஒரு இடம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அழைப்பு என்கிறேன்! முப்பத்து நான்கு வருஷம் சேவை செய்தேன். என் மேஜையில் படுத்த ஒருத்தர்கூட இதுவரை என்னைப் பற்றிக் குறை சொன்னதில்லை."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டுகிற இடத்தில் தட்டாமல் இருக்கிற துணிச்சல் எனக்குப் பிறவியிலேயே இல்லை.

உண்மையில் யாருக்கு எந்தத் துறை என்பதைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு ரேங்க். இது எங்களுக்குத் தெரியும், வெங்கடரமணனுக்குத் தெரியும், கேன்டீனில் வடை போடுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் மையத்தின் முத்திரை இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. சுற்றறிக்கைக்கு மேல் சாமி கிடையாது.

முதல் கட்டம், துறைச் சந்தை. கலையரங்கத்தில் பொருட்காட்சி மாதிரி வரிசையாகக் கடை போட்டு, துறைக்கு ஒரு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் துறைத்தலைவர் நின்று தன் துறையை விற்க வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு அட்டையை வைத்துக்கொண்டு பதினான்கு மேஜையிலும் முத்திரை வாங்க வேண்டும்.

பொது மருத்துவத் துறைத்தலைவர் டாக்டர் மதுமதி சொன்னார்: "நாங்கள் யோசிப்பவர்கள். நோயாளி பேசுவதை முழுக்கக் கேட்போம். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் அட்டையில் முத்திரை குத்தினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். "அடுத்து" என்றார்.

பக்கத்து மேஜை அறுவை சிகிச்சைக்காரர், "அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் வெட்டி எடுத்துவிடுவோம்" என்றார். மயக்க மருந்துக்காரர், "எங்கள் முகம் எந்த நோயாளிக்கும் ஞாபகம் இருக்காது, அதுதான் எங்கள் வெற்றி" என்றார். அவர் முகம் இப்போது எனக்கும் ஞாபகம் இல்லை. பிரேதப் பரிசோதனை பார்க்கிற சட்ட மருத்துவ மேஜையில், முத்திரை விழுந்த பிறகு ஒரு ஈ காக்காய் நிற்கவில்லை. அந்தப் பேராசிரியர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மாம்பழ ஜூஸ் கொடுத்துப் பார்த்தார். ஜூஸைக் குடித்துவிட்டு எல்லாரும் தோல் மருத்துவ வரிசையில் போய் நின்றார்கள். நானும்தான்.

ஏனென்றால் எனக்கு ஆசை தோல் மருத்துவத்தின் மேல்தான். மனிதத் தோலின் மீது மாளாத காதல் என்றெல்லாம் இல்லை. தோல் டாக்டரை ராத்திரி யாரும் எழுப்ப மாட்டார்கள். தி. நகரில் மாலை நாலு மணிக்கு ஒரு கிளினிக், எட்டு மணிக்கு வீடு, தூக்கம். என் லட்சியம் முழுவதும் அவ்வளவுதான். வேறு எதை வைத்து நான் தேர்ந்தெடுப்பது? பதினோரு மாதமாகப் பதினான்கு துறையிலும் சுற்றி நான் செய்தது ஒரே வேலை. ரத்தம் எடுத்து, குழாயில் விட்டு, லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எந்தத் துறையிலிருந்து லேபுக்கு எத்தனை படி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அறுவை சிகிச்சையில் இரண்டு மாதம் இருந்தேன். நான் பார்த்ததெல்லாம் பெரிய டாக்டரின் முழங்கை.

இரண்டாவது கட்டம்தான் கட்டுரை. 'அகத்தூண்டல் கட்டுரை' என்று பெயர். தாய்மொழியில்தான் அகம் பேசும் என்று வெங்கடரமணன் சொல்லிவிட்டதால் தமிழில் எழுத வேண்டும். போர்ட்டலில் ஏற்ற வேண்டும். மேலே ஒரு கட்டம், சிவப்பு நட்சத்திரம் போட்டது: 'உங்களை இத்துறைக்கு இட்டுச் சென்ற மறைந்த உறவினரின் பெயர்.' அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

"மச்சி, யாரைப் போடப் போற?" என்று கேட்டான் புகழேந்தி. என் ரூம்மேட். சிந்தாதிரிப்பேட்டைப் பையன். எதற்கும் அசர மாட்டான்.

"யாராவது செத்தே ஆகணுமாடா?"

"பின்னே? செத்தாதான் அகம் தூண்டும். நான் எங்க தாத்தாவ கிட்னில போட்டுட்டேன்."

"உங்க தாத்தா பஸ்ல அடிபட்டு இல்ல செத்தாரு?"

"அவரு வந்து சண்டை போடவா போறாரு? வுடு மச்சி."

என் கஷ்டம் வேறு. எங்கள் குடும்பத்தில் யாரும் தோலால் சாகவில்லை. பொதுவாகவே யாரும் சாகவில்லை. திடகாத்திரமான வம்சம். ஆசைப்பட்ட துறைக்குப் பிணம் கிடைக்காததால், எழுத வசதியான வியாதியாக ஒன்றைத் தேடினேன். கிட்னி இழுத்தடிக்கும், காட்சி அமையாது. நெஞ்சுவலி கச்சிதம். ஒரே பத்தியில் முடிந்துவிடும். பொது மருத்துவம் என்று துறையைப் போட்டேன். பிறகு குடும்பத்தில் யார் கட்டுரைக்கு எடுப்பாக இருப்பார் என்று யோசித்தேன். பெரியப்பா முகம் வந்தது. லெமன் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

கட்டுரை பிரமாதமாகப் போய்விட்டது. அதுதான் வம்பு. பரிசுக்கு முதல் பத்துக்குள் வந்ததால், மையத்தின் வாசலில் ஒட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து எவரோ கணக்கு எடுத்திருக்கிறார். நூற்றைம்பது மாணவர்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தாத்தா பாட்டிகள் ஒரே வருஷத்துக் கட்டுரைகளில் இறந்திருந்தார்கள். மையம் ஆடிப்போய்விட்டது. அடுத்த நாளே சுற்றறிக்கை: கட்டுரையில் இறந்த உறவினரின் மரணச் சான்றிதழை இணைக்க வேண்டும். சான்றிதழில் காரணம் இருக்காது என்பதால், என்ன வியாதி என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாளும் வேண்டும். பொய் என்று தெரிந்தால் ஆறு மாதம் பயிற்சி நீட்டிப்பு.

புகழேந்தி பஸ் விபத்துக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மையம் பரிசீலித்து, தாத்தா எலும்பு முறிந்து இறந்ததால் அகம் தவறான துறையில் தூண்டப்பட்டிருக்கிறது என்று தீர்மானித்து, அவன் பெயரை எலும்பு மருத்துவத்துக்கு மாற்றி முத்திரை குத்திவிட்டது. இன்னொருத்தி, பெரியம்மா பிரசவத்தில் இறந்ததாக எழுதியிருந்தாள். பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு என்று சான்றிதழ் சொன்னது. அவளை மனநல மருத்துவத்துக்கு மாற்றினார்கள்.

நான் மூன்றாவது மாடிக்குப் போனேன். மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பொன்மணி. மையத்தின் மொத்த வேலையையும் பார்க்கிற ஒரே ஆள். முன்பு கூவம் கரையில் வீடு. இப்போது கரையைக் காலி செய்து, ஊர்க் கோடியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"மேடம், என் பெரியப்பா சாகலை," என்றேன்.

"அய்ய! நல்ல சேதிதானே சார். மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிக்கினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். போர்ட்டலைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"சான்றிதழ் ஏத்து, இல்லாங்காட்டி பின்னால ஏத்துறேன்னு போடு. ரெண்டுதான் சார் கீது. ஆள் உசுரோட கீறாருன்னு போட இடமே இல்ல. பின்னால ஏத்துறேன்னு போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம்!"

"அப்ப இயக்குநரையே பாத்துடு."

வெங்கடரமணன் என்னை உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஐந்து நிமிஷம் வருத்தப்பட்டார்.

"உயிரோடு இருக்கிறார் என்று நீர் சொல்கிறீர். கட்டுரையில் இறந்துவிட்டார் என்றும் நீர்தான் சொல்கிறீர். எதை நம்புவது? எங்காத்துல பால்காரன்கூட ஒரே நாள்ல ரெண்டு பேச்சு பேசமாட்டான். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. சம்பந்தப்பட்டவரை நீர் நேரில் ஆஜர்படுத்தும். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் குழு முடிவு செய்யும்."

பெரியப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "பெரியப்பா, காலேஜ்ல உங்களைக் கூப்பிடுறாங்க," என்று மட்டும் சொன்னேன்.

"என்னையவா? எதுக்குல?"

"உங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினேன். வாசல்ல ஒட்டியிருக்காங்க."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "என்னையப் பத்தியா? பாத்திரம் விக்கிறவனப் பத்தி எழுத என்னல இருக்கு?"

"வாங்க, தெரியும்," என்றேன். கோழை என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் படம் போட வேண்டுமானால் என் போட்டோவைத் தருவேன்.

வெள்ளிக்கிழமை அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முகூர்த்த மாதத்தில் பாத்திரக்கடையைப் பூட்டுவது என்றால் எங்கள் வீட்டில் துக்கத்துக்குத்தான் பூட்டுவார்கள். மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பெட்டி. பேராசிரியர்களுக்கு மட்டும்தான் லிஃப்ட் என்பதால் படியேறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டே வந்தார். படிப்பின் மேல் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நான் டாக்டர்!

மையத்தின் வாசலில் ஒட்டியிருந்த கட்டுரையை விசாரணைக்காக எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே ஆறு பேராசிரியர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெங்கடரமணன். ஓரத்தில் பொன்மணி, குறிப்பெடுக்க. பெரியப்பா எல்லாருக்கும் கும்பிடு போட்டு, மிட்டாய்ப் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"உங்கள் பெயர்?"

"செல்லத்துரைங்க."

"நீங்கள் இறந்துவிட்டதாக எங்களிடம் எழுத்துப்பூர்வமாக இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நல்ல மொசைக் தரை.

"யாருங்க எழுதுனது?"

"உங்கள் தம்பி மகன்." வெங்கடரமணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் குரல் மேல் அவருக்குப் பிரியம் அதிகம். கட்டுரையை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

"'கடையின் ஷட்டரை இறக்கும்போதெல்லாம் என் பெரியப்பா இடது தோளைத் தேய்த்துக்கொள்வார். பாத்திரக் கட்டோடு மாடியேறினால் நாலாம் படியில் நின்றுவிடுவார். வாயு என்பார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பார், சரியாகிவிடும். பெருங்காயத் தண்ணீர் குடிப்பார். மார்கழியில்கூட அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் சாம்பார் வரைக்கும் சாப்பிட்டவர், ரசத்துக்கு இல்லை. அவர் தலை என் மடியில் இருந்தது. அன்றைக்குத் தீர்மானித்தேன், இனி ஒரு நெஞ்சும் என் கண் முன்னால் இப்படி நிற்கக் கூடாது என்று.'"

"'ரசத்துக்கு இல்லை'... ஆஹா!" என்றார் அறுவை சிகிச்சைக்காரர்.

"கிளாசிக்கல் ஹிஸ்டரி," என்றார் டாக்டர் மதுமதி. "நெஞ்சுவலியின் அறிகுறிகள் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. நடந்தால் வலி, நின்றால் குறைவு, இடது தோள், வேர்வை... வகுப்பில் படிக்கக் கொடுக்கலாம்."

"கற்பனைக்கு இவ்வளவு துல்லியமா?" என்று வெங்கடரமணன் என்னை முறைத்தார்.

கற்பனை, அவர் செத்த இடம் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் பார்த்தது. கட்டுரைக்கு உயிர் வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்ததைக் கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினேன். பார்த்தது ஒரு வியாதியை என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நல்ல வாக்கியமாக வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கல்யாண வீட்டில் மாலை வாங்கினவரின் கூச்சம் இருந்தது.

"இம்புட்டு நல்லா செத்திருக்கேனேல!" என்றார். "நான் நெசமா செத்தாக்கூட எவன் இப்படி எழுதுவான்? ஆனா ஐயா, ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா எழுதிட்டான்."

"என்ன?"

"நாலாம் படின்னு போட்டிருக்கான். அது தை மாசம். இப்ப ரெண்டாம் படியிலயே நின்னுருதேன். இன்னைக்கி உங்க மாடியேறையில, ஒவ்வொரு போர்டுக்கும் நின்னு நின்னுல்லா வந்தேன்."

"பார்த்தீர்களா!" என்றார் வெங்கடரமணன் குழுவைப் பார்த்து. "தகவல் பிழை. பொன்மணி, குறித்துக்கொள்ளும்மா. நாலாம் படி அல்ல, இரண்டாம் படி."

பொன்மணி குறிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"சார், ஏசி ஓடிக்கினு கீது. நானே குளிர்ல முந்தானைய போத்திக்கினு உக்காந்துகினு கீறேன். அவருக்கு இன்னாத்துக்கு சார் இப்டி வேர்க்குது?"

அந்த அறையில் டாக்டர்கள் ஏழு பேர், என்னோடு சேர்த்தால் ஏழரை. எட்டு ஜோடிக் கண்ணும் அப்போதுதான் பெரியப்பாவைப் பார்த்தது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவர் உள்ளங்கை நெஞ்சில் இருந்தது.

டாக்டர் மதுமதி முதலில் எழுந்து நாடியைப் பிடித்தார். நல்ல டாக்டர்தான். அதை நான் மறுக்க மாட்டேன். "ஸ்ட்ரெச்சர்!" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையில் இருந்த மிட்டாய்ப் பெட்டியை எடுத்துப் பத்திரமாக ஓரமாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன். லிஃப்ட்காரர், "ஹவுஸ் சர்ஜனுக்கெல்லாம் லிஃப்ட் கிடையாது," என்றார். பொன்மணி எனக்குப் பின்னாலிருந்து, "யோவ், கதவத் தெறக்கறியா, இல்ல ஒன்ன உள்ள வெச்சி மூடவா?" என்று போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் நோயாளிகள் எழுந்து நின்றார்களாம். கதவு திறந்தது.

கதவு மூடும்போது வெங்கடரமணன் குரல் கேட்டது. "உறவினரின் நிலைமை தெளிவாகும்வரை கட்டுரை மீதான முடிவு ஒத்திவைக்கப்படுகிறது."

ஈசிஜி காகிதம் மிஷினிலிருந்து வரவரவே டாக்டர் மதுமதியின் முகம் மாறியது. ஒரு ரத்தக்குழாய் கிட்டத்தட்ட முழுசாக அடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ரசத்துக்கு இருந்திருக்க மாட்டார் என்று இதய மருத்துவர் சொன்னார். அவரும் வாசலில் ஒட்டியிருந்த கட்டுரையைப் படித்திருக்கிறார்.

மறுநாள் காலை ஐசியூவில் பெரியப்பா கண் விழித்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏல, ஒன் மேல ஒரு தப்பும் கெடையாது," என்றார். "நாலு மாசமா வலிதான். ஆனா நீ டாக்டரு, வாராவாரம் எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்க. நீ ஒண்ணும் சொல்லலியே, அப்பம் வாயுவாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

அவர் அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து, ஆக்ஸிஜன் சிலிண்டர் அடுக்கி வைக்கிற இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு வருஷம் படித்ததற்கு அவமானமாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையே அந்த மனிதர் வைத்தியமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

குழுவின் முடிவு பத்து நாளில் வந்தது. உறவினர் உயிருடன் இருப்பதால் கட்டுரை பொய். மதிப்பெண் பூஜ்யம். படி எண்ணிக்கையில் தகவல் பிழை செய்ததற்காக அதிலிருந்து அரை மதிப்பெண் கழிக்கப்படுகிறது. பயிற்சி ஆறு மாதம் நீட்டிப்பு. இந்த வருஷக் கவுன்சிலிங் போயிற்று. தோல் போயிற்று, நாலு மணிக் கிளினிக் போயிற்று. வராந்தாவில் வெங்கடரமணன் என்னைப் பார்த்து நின்றார். குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது.

"எனக்கே மனசு கேக்கலை, அஸ்வத். அன்னிக்கு மட்டும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, விதிப்படி உனக்குத்தான் முதல் பரிசு."

"பரவாயில்ல சார்," என்றேன்.

நீட்டிப்புக் காலத்தை எந்தத் துறையில் கழிப்பது என்று நானே தேர்ந்தெடுக்கலாமாம். தண்டனையில்தான் அந்தச் சுதந்திரம் கிடைத்தது. மூன்றாவது மாடிக்குப் போனேன். பொன்மணி புதுப் படிவத்தைத் திறந்தார்.

"பெரியவரு எப்டி கீறாரு?"

"கடைக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறாரு."

"போவட்டும் போவட்டும். சொல்லு சார், எந்தத் துறை? தோல்தானே? அங்க ஒரு இடம் காலியாத்தான் கீது. ஜாலியா ஆறு மாசம் ஓட்டிட்டுப் பூடலாம்."

"பொது மருத்துவம்."

அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீபோர்டில் அடித்தார். "காரணம்? இங்க எழுதியே ஆவணும்."

சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'என் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. நான் அதை நன்றாக எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.'

"சார், இத்த அப்டியே வெச்சா மானம் பூடும். வாசல்ல வேற ஒட்டுவாங்க."

"ஒட்டட்டும்."

அடுத்த பக்கத்துக்குப் போக அழுத்தினார். போகவில்லை. திரும்ப அழுத்தினார். மேலே சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் மின்னியது. மறைந்த உறவினரின் பெயர்.

"அடச்சே, இந்தப் படிவத்துலயும் இத்த வெச்சிருக்கான். ஒரு பேரு குடுத்தாத்தான் சார் தாண்டும். யாரப் போடட்டும்?"

"என் பேரைப் போடுங்க."

பொன்மணி சிரிக்கவில்லை. அ-ஸ்-வ-த் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்து முடித்தார். போர்ட்டல் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திறந்தது.

"மரணச் சான்றிதழ் கேப்பாங்களே சார்?"

"கேட்டா ஆளனுப்புங்க. கீழே வார்டுல இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பதினொன்றாம் படுக்கையில் இருந்த நோயாளி அம்மா ஒருவர் காலையிலிருந்து என்னிடம் ஏதோ சொல்ல வந்துகொண்டிருந்தார்.